கிணற்றடிக் கப்பில் உப்புக் கொசு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் கொசுவையும் தீவையும் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதையெல்லாம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட்டால் தப்புகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது என் தங்கைமேல் எனக்கு இருந்த பொறாமை. கொசு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அதனால்தான் இத்தனையும்.

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வீட்டு அம்மா கொசு ஆராய்ச்சி செய்கிறவர். தெற்கே எங்கோ ஊர், வேலைக்காக இங்கே வந்தவர். ஒருநாள் அவர், "எங்க லேப்ல ஒரு வேலை இருக்கு, வர்றீங்களா? சும்மா உட்கார்ந்திருக்கணும். யார்கூடவும் பேச வேண்டியதில்லை" என்றார். பேச வேண்டியதில்லை என்றதும் சரி என்றேன். அன்றிலிருந்து அவரை மேடம் என்று கூப்பிடுகிறேன்.

வேலை இதுதான். மாலையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு வெளியில் உட்கார வேண்டும். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி ஒரு காலை நீட்டிக்கொள்ள வேண்டும். கொசு வந்து காலில் உட்காரும். கடிப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து, கண்ணாடி டியூபின் வாயை அதன்மேல் வைத்து, மறுமுனையை வாயால் உறிஞ்ச வேண்டும். கொசு டியூபுக்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்கு வராது. பிறகு ஒரு காகிதக் கப்புக்குள் ஊதிவிட வேண்டும். கப்பின் வாயில் கொசுவலை, அதைச் சுற்றி ரப்பர் பேண்டு, வலையின் நடுவில் சின்ன ஓட்டை, ஓட்டையில் பஞ்சு. பஞ்சை எடுத்து டியூபை நுழைத்து ஊதிவிட்டுத் திரும்பப் பஞ்சை அடைக்க வேண்டும். பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மாதாமாதம் எங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் லேபில் கப்பைத் திறந்து, ஒவ்வொரு கொசுவின் ஒரு காலையும் பிய்த்து மரபணு பார்க்க எடுத்துக்கொள்வார்கள். மீதி உடம்பை நீலக் குருணை போட்ட குட்டிக் குப்பியில் வைப்பார்கள். ஈரம் பட்டால் அந்தக் குருணை ரோஸ் நிறமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும்.

இன்னோர் ஆள் வேண்டும் என்று மேடம் கேட்டபோது நான்தான் என் தங்கையைச் சொன்னேன். இதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தங்கை எனக்கு மூன்று வயது இளையவள். முகம், உயரம், நடை எல்லாம் ஒன்று. மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "நேத்து அவ்ளோ பேசினியே, இன்னிக்கி இன்னா மூஞ்ச திருப்பிகினு போற?" என்று கேட்பார்கள். நேற்றுப் பேசியவள் அவளாக இருப்பாள். நான் படித்தபோது அப்பாவுக்கு அடுத்தவர் வயலில் கூலி வேலை. அவள் படித்தபோது அப்பா சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குக் காவலாளியாகிவிட்டார். அதனால் நான் பத்து, அவள் பன்னிரண்டு. அதற்கு அவள் என்ன செய்வாள்? எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் எரிச்சல் போய்விடுமா?

எங்களுக்குக் கொடுத்த இடம் நெம்மேலிப் பக்கம். கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற ஆலையைத் தாண்டி வண்டி போகும். அந்தக் கரை பார்த்தால் ஒரு தீவு மாதிரிதான். கிழக்கே கடல், மேற்கே உப்புத் தண்ணீர்க் கால்வாய், நடுவில் ஒரு ஒடுங்கிய மணல்மேடு. தங்கையைக் கால்வாய்க்கரையில் இறால் குட்டைப் பக்கம் இறக்கிவிடுவார்கள். என்னை மணல்மேட்டின் நடுவில், சவுக்குத் தோப்புக் கிணற்றடியில். அது நல்ல தண்ணீர்க் கிணறு.

ஏன் இரண்டு இடம் என்று மேடம் வண்டியில் ஒருநாள் சொன்னார். "இங்க ஒரு கொசு இருக்கு. இறக்கைப் புள்ளி, கால் நிறம் எல்லாம் ஒண்ணுபோல. லென்ஸ்ல பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனா மரபணுவைப் பார்த்தா ரெண்டு வகை. ஒண்ணு உப்புத் தண்ணியில முட்டை போடும், ஒண்ணு நல்ல தண்ணியில. பக்கத்துப் பக்கத்துல இருந்தும் ஒண்ணோட ஒண்ணு கலக்கிறதில்ல."

இதற்குச் சொந்தக்காரக் கொசுக்கள் அந்தமான் பக்கத்துத் தீவுகளில் இருக்கின்றனவாம். ஒரு தீவுக் கொசு அடுத்த தீவுக்கு அவ்வளவாகப் போக முடியாது, நடுவில் கடல். அதனால் அந்தந்தத் தீவுக்குள்ளேயே சோடி சேர்ந்து, முட்டை போட்டு, காலம் போகப் போக வெளியே முகம் மாறாமல் உள்ளே மட்டும் வேறாகிவிடுமாம். சின்னத் தீவு என்றால் எல்லாம் ஒரே குடும்பம் போல இருக்குமாம். பெரிய தீவில் விதவிதமாக இருக்குமாம். இந்தக் கரையையும் தீவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மேடத்தின் வேலை. கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. தங்கை பாதியில் தூங்கிவிட்டாள்.

முதல் வாரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொசுவுக்கு அவளைத்தான் பிடிக்கும். அவள் உட்கார்ந்த உடனே கணுக்காலைச் சுற்றிக் கொலுசு போட்ட மாதிரி வந்து உட்காரும். எனக்கு வராது. காலை நீட்டிக்கொண்டு, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாத பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். இடத்தால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடம் எங்களை இடம் மாற்றி உட்காரவைத்துப் பார்த்தார். என் கிணற்றடியிலும் அவளை மொய்த்தது. இறால் குட்டையிலும் என்னை எதுவும் சீண்டவில்லை. பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

"சிலர் உடம்பு வாசனை கொசுவுக்குப் பிடிக்கும். அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் மேடம்.

வண்டி ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து ஆள். வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா, கொசுக்குக் கூட உன்னாண்ட பேச கூச்சமா கீதா?" என்பார். இன்னொரு நாள், "உன் ஒடம்புல இன்னா ஓடுது, ரத்தமா வேப்பெண்ணயா?" என்பார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். திரும்புகிற வழியில் டீக்கடையில் நிறுத்துவார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே நான் கால் கழுவுகிறேன் என்று கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்விடுவேன். வண்டி கிளம்பும்போதுதான் வருவேன். கப்புகள் இருக்கிற தெர்மாகோல் பெட்டி தங்கை மடியில் இருக்கும்.

பிறர் வீட்டு நகையைப் பார்த்தோ, பிறர் பிள்ளையின் மார்க்கைப் பார்த்தோ பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. என் தங்கையின் காலில் இருக்கிற கொசுக்கடித் தழும்பைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை யாரிடம் சொல்ல முடியும்?

அப்போதுதான் தீவுப் பேச்சு வந்தது. தீவுகளில் கொசு பிடிக்க மேடம் போகப்போகிறார், எங்களில் ஒருவரைக் கூட்டிப்போவார். இங்கே உட்கார்ந்த அதே ஆள் அங்கேயும் உட்கார்ந்தால்தான் சரியாக ஒப்பிட முடியும் என்றார். கப்பலில் போகவேண்டும். யார் என்று மேடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்க்கிறேன். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கடலோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு நடுவில் நின்று நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. சென்னையைத் தாண்டி வேறெங்கும் போனதில்லை. அந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்று எனக்கு வந்த ஆசை மாதிரி, எதற்கும் வந்ததில்லை.

தங்கை என் வீட்டுக்கு வந்து சாவகாசமாகக் கேட்டாள். "அக்கா, அங்க சிப்பில மாலலாம் செய்வாங்களாம். உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"இன்னா, மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீற?"

"தலவலி."

அன்றிலிருந்து நான் என்னென்னவோ செய்தேன். குளிக்கும்போது மஞ்சள் பூசுவதை விட்டேன். சோப்பை விட்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். சாயங்காலம் முகம் கழுவாமலே வண்டி ஏறினேன். என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். கொசுவுக்காக என்று சொல்ல முடியுமா?

பலன் கிடைத்தது. காலையில் லேபில் என் கப்பைத் திறந்தால் முன்னைவிட அதிகமாக இருந்தது. அவள் கப்பு அளவுக்கு இல்லை, ஆனாலும் பார்க்கும்படி இருந்தது. நேற்று மாலை நான் ஊதியது இவ்வளவா, கொஞ்சமல்லவா என்று தோன்றத்தான் செய்தது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் என்ன கணக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். வண்டிக்காரர் கூட, "பரவால்ல, அக்கா பேர சொல்லிக்கினு நாலு பேர் வராங்கோ" என்றார். அன்று நானும் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. கிணற்றடிக் கப்புகளில் நல்ல தண்ணீர் வகையோடு உப்பு வகையும் இருக்கிறதாம். இத்தனை நாள் அந்தக் கிணற்றடியில் ஒன்றுகூட இருந்ததில்லை. உப்பு வகை மேட்டுக்கு ஏறி வருகிறதா, நல்ல தண்ணீரிலும் முட்டை போடப் பழகிவிட்டதா, இரண்டும் கலக்க ஆரம்பித்துவிட்டதா என்று அடுக்கிக்கொண்டே போனார். தீவு ஒன்றிலும் இப்படித்தான் நடந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகமாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உட்கார்ற இடத்துலதான் ரெண்டும் சேர்ந்து வருது. அந்தத் தீவுலயும் கிணத்தடியில உங்களை உட்கார வெச்சுப் பார்க்கணும். நீங்க வாங்க என்கூட."

நான் முதலில் பார்த்தது மேடத்தை இல்லை, தங்கையை. அவள் முகம் வெளுத்துவிட்டது. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தீவு கிடைத்ததைவிட அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது இனித்தது. மத்தியானம் அவள் சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்தாள். நான் என்னுடையதை முழுக்கச் சாப்பிட்டேன்.

அன்று எங்களுக்குக் கொசு பிடிக்கிற வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பழைய பையை எடுத்துத் தூசி தட்டி, எந்தப் புடவை கப்பலுக்கு ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"இன்னாடி?"

"அந்த உப்புக் கொசு உன் கெணத்தாண்ட வர்ல. என் கப்புது. நாந்தான் உன் கப்புல வுட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புடவையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"எப்போ?"

"டீக்கடையாண்ட நீ கால் கழுவப் போய்டுவ, வண்டிக்கார அண்ணாத்தயும் டீ குடிக்க எறங்கிடுவாரு இல்ல, அப்போ. பொட்டி என் மடியிலதான கீது. டியூப வெச்சு இதுலேர்ந்து இழுத்து அதுல ஊதிட்டேன். தெனம் கொஞ்சம்."

"இன்னாத்துக்கு?"

"அண்ணாத்த உன்ன கிண்டல் பண்ணிகினே கீறாரு. நீ ஒண்ணும் பேசாம ஜன்னலாண்டயே பாத்துகினு வர. எனக்கு ஒருமாதிரி ஆயிடுச்சி. என்னாண்ட அவ்ளோ கீது, உனக்கு நாலு வுட்டா இன்னா கொறஞ்சிடப் போவுதுன்னு வுட்டேன். ரெண்டும் பாக்க ஒண்ணாதான கீது! கொசு கொசுதானேன்னு நெனச்சேன்."

'என்னாண்ட அவ்ளோ கீது.' அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. சோப்புப் போடாமல், எண்ணெய் வைக்காமல், வீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்க நான் திரிந்த நாளெல்லாம் கண்முன் வந்தது. என்மேல் ஒரு கொசுவும் ஆசைப்படவில்லை. தனக்கு மீந்ததில் எனக்குப் போட்டிருக்கிறாள்.

"என்ன பாத்து பாவப்பட்டியா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அக்கா, நான் மேடத்தாண்ட சொல்ல மாட்டேன். நீ போய்ட்டு வா. சத்தியமா. எனக்கு இன்னா, நான் அப்புறம் போவேன்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. காலையில் வெளுத்துப்போனது தீவு போய்விட்டதே என்று இல்லை, செய்தது வெளியே தெரிந்துவிடுமோ என்று. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நான் ரசித்துப் பார்த்த முகம்கூட நான் நினைத்த முகம் இல்லை. அப்புறம் போவாளாம். அவளுக்கு எப்போதும் ஒரு அப்புறம் இருக்கும். எனக்கு இருந்தது இந்த ஒன்றுதான், அதையும் அவள் கொடுத்து நான் வாங்க வேண்டும்.

"போடி வூட்டுக்கு" என்றேன். போய்விட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தீவு எனக்கு. கப்பல், நாலு பக்கமும் தண்ணீர், எல்லாம். ஆனால் அங்கே கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது என் காலுக்கு ஒன்றும் வராது, மேடம் காத்திருப்பார். திரும்பி வந்தால் தங்கை, "எப்டிக்கா இருந்துச்சி?" என்று கேட்பாள். அவள் கொடுத்ததை நான் அவளுக்கே விவரித்துச் சொல்ல வேண்டும். நினைக்க நினைக்கக் கசந்தது. பையைத் திரும்பப் பரணில் போட்டேன்.

காலையில் லேபுக்குச் சீக்கிரம் போனேன். மேடம் லென்ஸில் குனிந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். எப்போதும் அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பேன். அன்று நானே, "மேடம்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். எங்கேயும் திக்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எந்த நாள் கப்புல கலந்தது, எந்த நாள் கலக்கலைன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். அவளுக்கும் தெரியாது."

"அப்போ ரெண்டு பேர் கப்பையும் ஒதுக்கணும். கிணத்தடியில முதல்லேர்ந்து பிடிக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் இதை எழுதி அனுப்பியிருப்பேன். தீவுக்கு வர்ற வாய்ப்பு போகும்னு தெரிஞ்சும் சொன்னீங்களே. நல்ல மனசு."

அது நல்ல மனசு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்னால் அவ்வளவு பேச முடியும்.

தங்கையைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் தீவுக்கு இருவரில் யாரையும் கூட்டிப்போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஒருத்தியை நம்பிப் பெட்டியைக் கொடுக்க முடியாது, இன்னொருத்தியைக் கொசு சீண்டாது. அவர் இப்படிச் சொல்லவில்லை, நான் சுருக்கிச் சொல்கிறேன். தீவிலேயே ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

வெளியே வந்த தங்கையிடம் வண்டிக்காரர், "இன்னா, எந்தக் கப்பலு?" என்றார்.

"எங்க ரெண்டு பேருக்கும் கப்பல் இல்ல அண்ணாத்த" என்றாள். பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காமல், "இப்போ சந்தோசமா உனக்கு?" என்று கேட்டாள்.

கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை வண்டி வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டியைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். தங்கையைக் கால்வாய்க்கரையிலும் என்னைக் கிணற்றடியிலும் இறக்கிவிட்டார்கள். திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தவில்லை. என் கப்பில் இரண்டு கொசு இருந்தன.